கேள்விப்படாதவர்

என் கணவர் பேரின்பநாயகத்துக்குக் காது நன்றாகவே கேட்கும். பாசிர் ரிஸ்ஸில் ஐந்தாம் மாடியில் உட்கார்ந்துகொண்டு, கீழே கார்ப்பார்க்கில் யாராவது கார்க் கதவை வேகமாகச் சாத்தினால்கூட எழுந்து போய் எட்டிப் பார்ப்பார். அறுபத்தாறு வயதில் அப்படியொரு காது. அந்தக் காதை வைத்துக்கொண்டு, கூடப்பிறந்த அண்ணன் செத்துப் போன செய்தியை நான்கு நாள் கேட்காமல் இருந்தார் என்றால் அது சாதாரணத் திறமை இல்லை. அதற்கு ஒரு கோயில் நிர்வாகக் குழுவே சேர்ந்து பாடுபட்டது. நானும் பாடுபட்டேன். என்னை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்.

முதலில் இந்தத் துடக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் தீட்டு என்பதை எங்கள் யாழ்ப்பாண வழி ஆட்கள் துடக்கு என்போம். நாங்கள் சிங்கப்பூருக்கு வந்து நான்கு தலைமுறை ஆகிறது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடு எந்தப் பக்கம் இருந்தது என்றுகூட இங்கே ஒருவருக்கும் தெரியாது. பேச்சு போய்விட்டது. சமையலில் பாதி போய்விட்டது. பிள்ளைகளுக்குத் தமிழ் "சாப்டாச்சா"வோடு நின்றுவிடும். துடக்கு மட்டும் கப்பலில் ஏறி வந்தது வந்தபடி, ஒரு கீறல் விழாமல் இருக்கிறது. பங்காளி வீட்டில் சாவு என்றால் முப்பத்தொரு நாள் கோயிலுக்குள் கால் வைக்கக் கூடாது. கட்டிக்கொண்டு வந்த குற்றத்துக்காகப் பெண்டாட்டிக்கும் அதே முப்பத்தொரு நாள்.

இதில் இரண்டு சலுகை உண்டு. ஒன்று, செய்தி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் துடக்கு. கேள்விப்படாதவனுக்குத் துடக்கு இல்லை. கடல் தாண்டிக் கடிதம் வந்து சேர மாதக்கணக்கில் ஆன காலத்தில் யாரோ இரக்கப்பட்டுப் போட்ட சட்டமாக இருக்கும். இரண்டாவது, கும்பாபிஷேகத்துக்காகக் கையில் காப்புக் கட்டிவிட்டால், அதை அவிழ்க்கும் வரைக்கும் எந்தத் துடக்கும் ஒட்டாது. ஆனால் காப்புக் கட்டியவர் கோயிலை விட்டு வெளியே போகக் கூடாது. சாவு வீட்டுக்குப் போவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சிராங்கூன் ரோட்டை ஒட்டி இருக்கிறது எங்கள் கோயில். பெயர் சொல்லவில்லை, அடுத்த கூட்டத்தில் என்மேல் தீர்மானம் போட்டுவிடுவார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கும்பாபிஷேகம். பெரிய கும்பத்தைக் குருக்கள் சுமப்பார். அடுத்த கும்பத்தை நிர்வாகத்தில் ஒருவர் தலையில் வைத்து யாகசாலையிலிருந்து கோபுரம் வரை கொண்டு போவார். என் வீட்டுக்காரருக்கு உலகத்தில் வேறு ஆசை கிடையாது. கார் வேண்டாம், காண்டோ வீடு வேண்டாம், அந்த இருபது நிமிடம் தலையில் அந்தச் செம்புக்குடம் இருந்தால் போதும்.

போன தடவையே அவர்தான் சுமந்திருக்க வேண்டியது. காப்புக் கட்டுவதற்கு முதல் நாள் கொழும்பிலிருந்து போன் வந்தது. இவர் வாழ்நாளில் முகம் பார்த்திராத ஒரு பங்காளி போய்விட்டாராம். போனை எடுத்தது நான். எடுத்தவள் அப்படியே வைத்துவிட்டுச் சமையலைப் பார்த்திருக்கலாம். "என்னங்க, கொழும்புல..." என்று கூடத்துக்கு வந்து வாயைத் திறந்துவிட்டேன். முடிந்தது. கும்பத்தை வேறொருவர் சுமந்தார். இவர் தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஐந்தடி நடைபாதையில் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும், மீன் வெட்டியதில் ஆரம்பித்தாலும், கடைசியில் கொழும்பில்தான் வந்து நிற்கும். "உன் வாய் சும்மா இருந்திருந்தா..." என்பார். பன்னிரண்டு வருடம் இதைக் கேட்டவள் நான்.

இப்போது பெரியத்தான் கதைக்கு வருகிறேன். நடேசன், என் கணவரின் ஒரே அண்ணன், ஒன்பது வயது மூத்தவர். அப்பா இறந்தபோது இவருக்கு ஒன்பது, அவருக்குப் பதினெட்டு. படிப்பை விட்டுவிட்டு ஜூரோங் கப்பல் பட்டறையில் வேலைக்குப் போய்த் தம்பியைப் படிக்க வைத்தார். என் வீட்டுக்காரர் அலுவலகத்தில் டை கட்டிய உத்தியோகஸ்தராக ஓய்வு பெற்றதற்கு, அவர் அண்ணன் இரும்புத் தூசியில் இருமியதுதான் காரணம். இது நான் சொல்வதில்லை, இவரே நாலு பேர் இருக்கும்போது சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். பெரியத்தான் பூன் லேயில் மகள் தாரகாவோடு இருந்தார். மனைவி இல்லை, மகனும் இல்லை. எங்கள் வழக்கப்படி மகன் இல்லாதவருக்குக் கொள்ளி வைக்க வேண்டியவர் தம்பி. அந்த நுரையீரல்தான் கடைசியில் அவரைப் படுக்க வைத்தது. கும்பாபிஷேகத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது டாக்டர், இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், நாட்கள்தான் என்றார்.

நாட்கள்தான் என்று டாக்டர் சொன்ன அன்றோடு என் வீட்டுக்காரர் அண்ணனைப் பார்ப்பதை நிறுத்தினார்.

பாசிர் ரிஸ்ஸிலிருந்து பூன் லேக்கு ஒரே ரயில். பச்சைப் பாதையில் இந்தக் கோடியில் ஏறினால் கிட்டத்தட்ட அந்தக் கோடியில் இறங்கலாம். நடுவில் மாறக்கூட வேண்டாம். "போய்ட்டு வாங்களேன்" என்றேன்.

"போகலாம் சரோ. ஆனா நான் அங்க இருக்கிற நேரத்துல ஒண்ணு ஆயிடுச்சுன்னா? கண்ணால பாத்துட்டுக் கேள்விப்படலன்னு சொல்ல முடியுமா?"

அதாவது அண்ணன் எந்த நிமிடமும் சாகலாம் என்பதால் உயிரோடு இருக்கும் அண்ணனைப் பார்க்க முடியாது. சாத்திரத்தில் இப்படி எங்கும் எழுதியிருக்காது. எழுதியிராததையும் சேர்த்துக் கடைப்பிடிப்பதில்தான் எங்கள் ஆட்களின் பக்தி இருக்கிறது. நானும் பெரிய புரட்சிக்காரி இல்லை. ராகு காலத்தில் ஸ்கேன் எடுக்க மாட்டேன் என்று ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்டை இரண்டு தடவை மாற்றியவள். அதனால் அவரை விட்டுவிட்டு நான் மட்டும் போய் வந்தேன்.

செவ்வாய்க்கிழமை போனபோது பெரியத்தான் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆக்சிஜன் குழாய் மூக்கில். "தம்பி வரல?" என்றார்.

"கோயில் வேலை, பெரியத்தான். தலைக்கு மேல."

"ஆமாமா, இருக்கும். காப்பு என்னைக்கு?"

"வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஆறு மணிக்கு."

அவர் விரலை மடித்து எண்ணினார். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. பிறகு சிரித்தார். எதற்கு எண்ணினார், எதற்குச் சிரித்தார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. மருந்து மயக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மதியம் இவர் போனில் ஒரு குரல் செய்தி வந்தது. மேலே "அண்ணா" என்று இருந்தது. ஐம்பத்தெட்டு விநாடி. நான் பக்கத்தில்தான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். "போட்டுக் கேளுங்க" என்றேன். அவர் போனைப் பாம்பைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"அண்ணன் போன்ல இருந்து தாரகாகூட அனுப்பலாம். என்னன்னு தெரியாம எப்படித் திறக்கிறது? காப்பு ஆகட்டும்."

போனை ஏரோபிளேன் மோடில் போட்டு மேசை இழுப்பறைக்குள் வைத்தார். இரண்டு மாதத்துக்கு முன்பு பாலித் தீவுக்குப் பறந்தபோது எப்படி அந்த மோடில் போடுவது என்று தெரியாமல் என்னிடம் கேட்டவர். இப்போது ஒரே தட்டில் போட்டார். தேவை வந்தால் கல்வி தானாக வரும் போலிருக்கிறது.

வியாழக்கிழமை காலை ஏழு நாற்பதுக்குப் பெரியத்தான் போய்விட்டார்.

தாரகா எனக்குத்தான் போன் செய்தாள். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசினேன். அவள் அழவில்லை. "சித்தி, சித்தப்பா வருவாரா? அவர்தான் செய்யணும். சனிக்கிழமை வரைக்கும் வெச்சிருக்கேன், மண்டாய் தகனச்சாலைல பதினொன்றரைக்கு ஸ்லாட் எடுத்திருக்கேன்" என்றாள். அவள் சனிக்கிழமை வரை வைத்திருந்ததே இவருக்காக. நான் "பாக்கிறேம்மா" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு இன்றுவரை எனக்கு வெட்கமாக இருக்கிறது. பார்ப்பதற்கு என்ன இருந்தது? கதவைத் திறந்து கூடத்துக்குப் போய் "உங்க அண்ணன் செத்துட்டார்" என்று சொன்னால் ஆயிற்று. கூடம் எட்டடி தூரத்தில் இருந்தது. நடுவில் கொழும்பு இருந்தது.

அதற்குப் பதிலாகக் கோயில் செயலாளர் ரத்னவேலுக்குப் போன் செய்தேன். ரத்னவேல் அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் சுற்றறிக்கை எழுதியவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை ஓயவில்லை. "ஐ ஸீ" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஆழ்ந்த அனுதாபம்" என்றார். அதற்கப்புறம், "வைஸ் பிரசிடென்ட்டுக்குத் தெரியுமா?" என்றார். என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறார், கோயிலில் அவர் துணைத் தலைவர். தெரியாது என்றேன். போனிலேயே மூச்சு விட்டது கேட்டது.

"முப்பத்து நாலு மணி இருபது நிமிஷம்மா. அவ்ளோதான். காப்பு ஏறிட்டா ஒரு பிரச்சினையும் இல்ல. அது வரைக்கும் நாம மேனேஜ் பண்ணிடலாம்."

அரை மணி நேரத்தில் நிர்வாகக் குழு வாட்சப்பில், என் வீட்டுக்காரரை மட்டும் நீக்கிவிட்டு என்னைச் சேர்த்துத் தொடங்கிய புதிய குழுவில், அறிவிப்பு வந்தது. துணைத் தலைவருக்கு எந்தக் குடும்பச் செய்தியையும் யாரும் நேரிலோ, போனிலோ, முகபாவனையிலோ தெரிவிக்கக் கூடாது. முகபாவனையிலோ என்று நிஜமாகவே போட்டிருந்தார். துடக்குள்ள குடும்பத்தார் கும்பாபிஷேகத்தை லைவில் பார்க்கலாம் என்றும், திரை வழியாகத் துடக்கு போகாது என்று குருக்களிடம் கேட்டு உறுதி செய்யப்பட்டது என்றும் கடைசியில் ஒரு வரி. முப்பத்தொன்பது பேர் கும்பிடும் கை போட்டார்கள்.

நான் மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பூன் லேக்குப் போனேன். பெரியத்தானைப் பார்த்தேன். முகத்தில் ஒரு கோபமும் இல்லை. தாரகா வீட்டிலேயே தலை முழுகிவிட்டு, மாலை நான்கு மணிக்கு ஈரத் தலையோடு பாசிர் ரிஸ்ஸுக்குத் திரும்பினேன். கையில் ஒரு கீரைக்கட்டுகூட இல்லை.

அவர் என் தலையைப் பார்த்தார். கையைப் பார்த்தார். எந்த மார்க்கெட்டில் தண்ணீர் ஊற்றி அனுப்புகிறார்கள் என்று கேட்கவில்லை. எழுந்து போய் டிவி சத்தத்தைக் கூட்டினார். இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது, "இன்னைக்கு விரதம் சரோ" என்றார். தானே கீழே போய் வாங்கி வந்த பாக்கெட் பாலும் வாழைப்பழமும் சாப்பிட்டார். நான் தொட்ட தம்ளரைத் தொடவில்லை. படுக்கை கூடத்தில். துடக்குக்காரியிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அப்படி ஒரு பிசகு இல்லாமல் நடந்துகொண்டார். எந்தத் துடக்கு என்பதை மட்டும் கேள்விப்படவில்லை.

கடவுளே, எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வாழைப்பழத் தோலை எடுத்து முகத்தில் அடித்திருப்பேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவர் கோயிலுக்குப் போய்விட்டார். இனி ஞாயிறு வரை அங்கேதான். நான் பூன் லே போனேன். புளோக் கீழே, தூண்கள் மட்டும் நிற்கும் வாய்ட் டெக்கில் வெள்ளைத் துணி கட்டி, நாற்காலி போட்டு, நடுவில் பெரியத்தானை வைத்திருந்தார்கள். மாலை ஐந்தரைக்கு நசீர் வந்தார். எங்கள் கோயிலுக்குப் பக்கம் தேக்காவில் பெட்டி, பை விற்கும் கடை வைத்திருப்பவர். அதற்கு முன்னால் இருபது வருடம் பெரியத்தானோடு கப்பல் பட்டறையில் ஒன்றாக வேலை பார்த்தவர். வியாழக்கிழமை முழுக்க இங்கேதான் இருந்தார். இன்று வந்ததும் வராததுமாக என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அக்கா, காலையில கடைக்கு எதிர்த்தாப்புல உங்க வீட்டுக்காரரு போறாரு. ஓடிப் போய்க் கையப் புடிச்சேன். 'அண்ணே, நடேசண்ணன்...' அவ்ளோதான் சொன்னேன். 'நசீர், வெயில் மோசம் லா, கடைக்குள்ள போ'ன்னுட்டுப் பூக்கடைக்குள்ள பூந்துட்டாரு. மௌத்து, சாவுன்னா நாங்க ஓடி வருவோம். இவரு ஓடிப் போறாரே, என்னக்கா இது?"

துடக்கைப் பற்றி விளக்கினேன். கேள்விப்பட்டால்தான் உண்டு என்றேன். அவர் யோசித்தார்.

"சரி. அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும்ங்கிறது உங்களுக்குத் தெரியும். கோயில்ல எல்லாருக்கும் தெரியும். அப்ப உங்க சாமிக்கு மட்டுந்தான் தெரியாதா?"

நசீரைக் கிண்டல் செய்ய எனக்கும் ஆயிரம் உண்டு. உருவப் பொம்மையே ஆகாது என்று மார்க்கம் பேசும் சம்பந்தி வீட்டுக்கு வருகிறார் என்றால், ஷோகேஸில் இருக்கும் பீங்கான் யானை, குதிரை, மான் எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, அவர் லிஃப்டில் இறங்கியதும் திரும்ப வரிசையாக அடுக்குகிற மனுஷன். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கண் சிவந்திருந்தது. அவர் நண்பருக்காக அழுதிருந்தார். எங்கள் வீட்டில் அதற்கு இன்னும் நேரம் வரவில்லை.

ஆறு மணிக்குத் தாரகா தன் போனை ஒரு சோயா பால் பாக்கெட்டில் சாய்த்து வைத்தாள். கோயில் லைவ். பெரியத்தான் காலடியில் உட்கார்ந்து நாங்கள் மூவரும் பார்த்தோம். யாகசாலை, புகை, வரிசையாக எட்டுப் பேர் வெற்று மார்போடு. என் வீட்டுக்காரர் இரண்டாவதாக. குருக்கள் மஞ்சள் கயிற்றோடு ஒவ்வொருவரிடமும் வந்து கேட்டார். இவரிடம் வந்தபோது மைக் பக்கத்தில் இருந்தது.

"துடக்கு ஏதும் இல்லையே?"

என் வீட்டுக்காரர் ஒரு விநாடி நிறுத்தினார். இணையம் நின்றுவிட்டதோ என்று தாரகா திரையைத் தட்டினாள். நிற்கவில்லை.

"எனக்குத் தெரிஞ்சு இல்ல" என்றார்.

கயிறு ஏறியது. மேளம் கொட்டியது. பின்னால் ரத்னவேல் கண்ணை மூடிக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு சாமிக்கு இல்லை, கயிறு ஏறியதற்கு என்று எனக்குத் தெரியும்.

தாரகா போனை அணைத்தாள். அப்பாவின் காலை மூடியிருந்த துணியைச் சரி செய்தாள். "சித்தி, அப்பா பேசினத அவர் கேட்டாரா?" என்றாள். அந்தக் குரல் செய்தியைத்தான் சொல்கிறாள் என்று புரிந்தது. இல்லை என்று தலையாட்டினேன். "நான்தான் போனைப் புடிச்சிக்கிட்டிருந்தேன். மூணு தடவை இருமல் வந்து நிறுத்தி, நாலாவது தடவை பேசி முடிச்சாரு" என்றாள். 

சனிக்கிழமை காரியம் செய்ய வந்தவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "கொள்ளிக்கு ஆம்பள யாரும் இல்லையாம்மா?"

"இருக்காரு" என்றாள் தாரகா. "ஆனா அவருக்கு இன்னும் தெரியாது."

அவர் விழித்தார். பிறகு யாரும் எதுவும் விளக்காததால், நெருப்புச் சட்டியை அவளிடமே கொடுத்தார். கொடுக்கும்போது பெண் பிள்ளை செய்வது வழக்கமில்லை என்று முனகினார். நசீர், "எது இங்க வழக்கம்னு எனக்கே இப்பல்லாம் தெரியல ஐயா" என்றார். அந்தப் பெண் அப்பாவுக்கு மூன்று சுற்றுச் சுற்றி வந்தாள். மண்டாயில் பெட்டி உள்ளே போவதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். நான் வாய்விட்டு அழுதேன். கோபம், வருத்தம், வெட்கம், எல்லாம் ஒன்றாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கும்பாபிஷேகம். லைவில் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தலையில் கும்பம் வைத்துப் படி ஏறினார். பன்னிரண்டு வருடம் காத்திருந்த இருபது நிமிடம். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. கீழே கமெண்டில் எத்தனையோ பேர் "என்ன பக்தி!" என்று போட்டார்கள். மைக்கில் ரத்னவேல், "துணைத் தலைவர் பக்திப் பரவசத்தில் உருகுவதைக் காண்கிறோம்" என்றார். நான் தேநீரைக் கீழே வைத்துவிட்டேன்.

மதியம் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தார். காப்பு அவிழ்த்தாகிவிட்டது. மணிக்கட்டில் மஞ்சள் வட்டம் மட்டும் இருந்தது. சோபாவில் உட்கார்ந்தார். சட்டையைத் தளர்த்தினார். இழுப்பறையிலிருந்து போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், ஆனால் திறக்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. அரங்கம் தயார், வசனத்தைச் சொல் என்கிறார்.

"சரோ. ஏதாவது சேதி உண்டா?"

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சொல்லத்தான் நினைத்தேன். சத்தியமாக. ஆனால் வாயில் வேறு வந்தது.

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

அவர் முகம் வெளுத்தது. "விளையாடாத சரோ."

"விளையாடலைங்க. உங்களுக்கு என்ன தெரியுமோ அதுதான் எனக்கும் தெரியும்."

வீட்டு போனிலிருந்து ரத்னவேலுக்கு அடித்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. "சார், குழு முடிவுப்படி இப்படிப்பட்ட செய்தி குடும்பத்துல இருந்துதான் வரணும். நான் சொல்றது முறையில்ல" என்றார் ரத்னவேல். நசீருக்கு அடித்தார். நசீர், "அண்ணே, வெயில் மோசம் லா" என்று வைத்துவிட்டார்.

அவர் மெதுவாகச் சோபாவின் ஓரத்துக்கு வந்து உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய மனுஷன் சின்னதாகிப் போயிருந்தார். "யாராவது சொன்னாத்தானே சரோ நான் அழ முடியும்" என்றார். "மூணு நாளா நெஞ்சுக்குள்ளயே வெச்சிருக்கேன். தலை முழுகணும். முடி இறக்கணும். அண்ணனுக்குச் செய்யணும். நீ சொல்லு. ஒரே ஒரு வார்த்தை சொல்லு."

எனக்கு இரக்கம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நாற்பது வருடம் கூட வாழ்ந்த மனுஷன். ஆனாலும் சொல்லவில்லை. "அண்ணன் வீட்டுச் சேதியை அண்ணன் வீட்லதான் கேக்கணும்" என்றேன். "கிளம்புங்க."

ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல். இந்தக் கோடியில் ஏறி அந்தக் கோடி வரை. அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு தடவை, "மாறக்கூட வேண்டாம் இல்ல?" என்றார். வேண்டாம் என்றேன்.

தாரகா வீட்டு மரக்கதவு திறந்திருந்தது. கிரில் கேட் பூட்டியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பெரியத்தான் படத்துக்கு மாலை. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் கேள்விப்படவில்லை அல்லவா.

தாரகா கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். "வாங்க சித்தப்பா. என்ன விஷயம்?"

"அண்ணன்..." என்றார். 

"அப்பா உங்களுக்கு மெசேஜ் அனுப்பியிருந்தாரே. கேட்டீங்களா?"

இல்லை என்று தலையாட்டினார்.

"கேளுங்க."

அவர் போனைத் திறந்தார். இரண்டு தடவை தவறி மூன்றாம் தடவை தொட்டார். காரிடார் முழுக்கப் பெரியத்தானின் மூச்சு கேட்டது. முதலில் மூச்சுதான், பேச்சு பிறகு.

"தம்பி... அண்ணன் பேசுறேன். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் காப்புன்னு சரோஜா சொல்லிச்சு. அது வரைக்கும் தாக்குப்புடிச்சிடுவேன் லா. பயப்படாத. போன தடவ மாதிரி ஆக விட மாட்டேன். டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன்." இருமல். "நீ சின்னப்புள்ளையில என் தோள்ல உக்காந்துதான் கும்பாபிஷேகம் பாத்தே, ஞாபகம் இருக்கா? தண்ணி பூரா உன் மேல விழுந்துச்சு, எனக்கு ஒரு சொட்டு இல்ல." சிரிப்பு மாதிரி ஒரு சத்தம். "வேற ஒண்ணும் இல்லப்பா. இன்னைக்குச் சாயந்தரம் ஒரு நடை வந்துட்டுப் போ. உயிரோட இருக்கிறவனப் பாத்தா துடக்கு இல்லடா."

அவ்வளவுதான். போன் தானாக அணைந்தது. பக்கத்து வீட்டில் யாரோ வாணலியில் எதையோ வதக்கும் சத்தம்.

செவ்வாய்க்கிழமை விரலை மடித்து எதற்கு எண்ணினார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் கணக்கில் ஒன்றரை நாள் குறைந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "தாரகா, இப்பவாவது சொல்லும்மா."

"நான் என்ன சொல்றது சித்தப்பா?" என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை. "சேதி அதுதான். புதன்கிழமையே வந்துடுச்சு."

சாவியைப் போட்டுக் கேட்டைத் திறந்துவிட்டு உள்ளே போனாள். அவர் உள்ளே போகவில்லை. வாசலில் கிடந்த செருப்புகளுக்கு நடுவில், அண்ணனுடைய செருப்பும் அதில் இருந்தது, அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமலே அழ முடிந்தது.